ஸ்டிக்கர் ஒட்டாத இடமெல்லாம் பாஸ்

"வண்டியைக் குடுக்கறது பொண்ணைக் குடுக்கற மாதிரி வள்ளி. அவசரப்படக் கூடாது."

"பொண்ணைக் குடுக்கும்போது ரெண்டே நாள்ல சரின்னு தலையாட்டுன ஆளு நீங்க. மாப்பிள்ளை பேரையே நிச்சயதார்த்தத்தன்னிக்குத்தான் கேட்டீங்க."

கன்னியப்பன் மஞ்சள் துணியால் காரின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றி என்று அவர்தான் சொல்லுவார். ஊர் உலகத்துக்கு அது பானெட்.

மாதனூரில் மெயின்ரோட்டை விட்டு உள்ளே வந்தால் நாலாவது வீடு அவர்களுடையது. வீட்டை ஒட்டித் தகரம் போட்ட ஷெட். ஷெட்டுக்குள் அந்தச் சின்ன வெள்ளைக் கார். தான் வேலை பார்த்த கம்பெனி மேனேஜர் ஒருவர் புதுசு வாங்கிக்கொண்டு போகும்போது கழித்துவிட்டதைக் கன்னியப்பன் வாங்கி, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, ஊரெல்லாம் லட்டு கொடுத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். அதுதான் அவருடைய முதல் கார். அதற்குப் பிறகு ஒன்று வரவில்லை என்பதால் கடைசிக் காரும் அதுதான். ஆனாலும் 'என் ஃபர்ஸ்ட் கார்' என்றுதான் சொல்லுவார், பின்னால் ஏழெட்டு வரிசையாக நிற்பதைப் போல.

விற்பது என்று ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். ஒத்துக்கொள்ள வைத்தவள் அவர் மனைவி அமிர்தவள்ளி. அவளுக்கு வேண்டியது காரின் விலை அல்ல. கார் நிற்கிற இடம்.

ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கும் லைனில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் முதுகு ஒரு கேள்விக்குறியாகிவிட்டிருந்தது. விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ், இருட்டின பிறகு கம்பெனி பஸ். போன பொங்கலோடு நின்றுவிட்டாள். கை மட்டும் நிற்கவில்லை. பழைய ஜீன்ஸைக்கூடப் பிரித்துப் பை தைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஆம்பூரில் மணிபர்ஸும் சாவிப்பையும் தைத்து அனுப்புகிற சுஹேல் அகமது ஒருநாள் வந்து சொன்னார்:

"உங்க தையல் எனக்குத் தெரியும்மா. எடம் மட்டும் காட்டுங்க. ரெண்டு மெஷின் நானே எறக்கறேன். வெட்டுன பீஸைக் கொண்டாந்து போட்டுட்டு, தைச்சதை எடுத்துக்கினு போய்டறோம். பக்கத்துல இருக்கற பொம்பளைங்களையும் சேத்துக்குங்க."

"எடமா? ஷெட்டு இருக்குதுங்களே."

"ஷெட்டுல கார் இருக்குதேம்மா."

"அது கார் இல்லிங்க. அது எங்க வீட்டுக்காரரு."

சுஹேல் அகமது சிரித்துவிட்டு, "அப்ப அவர் எறங்கனதும் சொல்லுங்க" என்று போனார். இரண்டு மாதம் காத்திருந்தார். போன வாரம் போன் செய்து, திங்கட்கிழமை வருவேன், இடம் காலியாக இருந்தால் மெஷின் இறங்கும், இல்லையென்றால் கோவித்துக்கொள்ளக் கூடாது, பக்கத்து ஊரில் ஜோதி என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார்.

ஜோதி! லைனில் அமிர்தவள்ளிக்கு எதிர் மெஷின். நேராக ஒரு கோடு தைக்கச் சொன்னால் பாலாறு மாதிரி வளைத்து வளைத்துத் தைப்பாள். அவள் வீட்டில் மெஷின் இறங்குவதா? அன்று அமிர்தவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை.

வாங்க ஆள் வராமல் இல்லை. வந்தார்கள். வந்தவர்களைக் கன்னியப்பன் ஒரு சுடுசொல் சொல்லாமல், மரியாதை குறையாமல், காபி கொடுத்தே விரட்டினார். போன ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபேட்டையிலிருந்து பிரேம்நாத் என்று ஒருவர் வந்தார். நல்ல மனிதர். வந்ததும் கேட்டார்:

"வண்டி எவ்ளோ சார் ஓடியிருக்கு?"

"ஓடுச்சான்னா கேக்கறீங்க? அது ஓடல சார். எங்களோட வாழ்ந்துது."

பிரேம்நாத் அமிர்தவள்ளியைப் பார்த்தார்.

"அவர் கிலோமீட்டர் கேக்கறாருங்க" என்றாள் அவள்.

"கிலோமீட்டர் இன்னா கிலோமீட்டர்! ஏலகிரி ஏறுன வண்டி சார் இது. பதினாலு வளைவும் ஒரே மூச்சா ஏறுச்சு."

"வண்டி ஏறுச்சு" என்றாள் அமிர்தவள்ளி. "நாங்க எறங்கி நடந்து ஏறுனோம். நாங்க உள்ள இருந்தா அதுக்கு மூச்சு வாங்குச்சு."

"என் பொண்ணு நந்தினியைக் காலேஜ்ல சேக்கப் போனது இதுலதான்."

"போனது இதுல. போய்ச் சேந்தது ஷேர் ஆட்டோல. பள்ளிகொண்டா டோல்கேட்டாண்ட இது படுத்துக்குச்சு."

"படுத்துக்கல சார். அன்னிக்கு அதுக்கு மனசு சரியில்ல. பொண்ணு வீட்டை விட்டுப் போறாளேன்னு."

சொல்லும்போது கன்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நந்தினி ஹாஸ்டல் வாசலில் கை காட்டியபோது நனையாத கண். பிரேம்நாத் காபியை வேகமாகக் குடித்துவிட்டு, "வீட்ல கலந்துக்கினு சொல்றேன் சார்" என்று எழுந்தார். அவர் வீட்டில் இன்னமும் கலந்துகொண்டே இருக்கிறார்கள்.

"பாத்தியா, அவருக்கு வண்டி மேல ஆசையே இல்ல" என்றார் கன்னியப்பன், சந்தோஷம் வெளியே தெரியாமல் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு.

இந்த ஞாயிறு வருவது ஃபிர்தௌஸ் என்ற பெண்மணி. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டுப் போன் செய்திருந்தாள். அமிர்தவள்ளிக்கு இதுதான் கடைசி நம்பிக்கை. விடிந்தால் திங்கள். அதனால் காலையிலேயே புருஷனை உட்காரவைத்துப் பேசினாள்.

"இதப் பாருங்க. இன்னிக்கு வர்றவங்ககிட்ட ஏலகிரி கதை வேணாம். நந்தினி கதை வேணாம். வண்டிக்கு மனசு இருக்குது, வயித்துல பசி இருக்குதுன்னு ஒண்ணும் வேணாம். கேட்டதுக்கு மட்டும் பதில்."

"நான் வாயே தொறக்க மாட்டேன் வள்ளி. போதுமா?"

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். நம்பி, வருகிறவளுக்குப் பலகாரம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். மிக்சர் பொட்டலத்தோடு திரும்பி வந்து பார்த்தால், ஷெட்டுக்குள் கார் முழுக்கச் சிவப்பு சிவப்பாகப் பொட்டுகள்.

"அய்யோ, இன்னாங்க இது! வண்டிக்கு அம்மா வாத்திருக்குதா? வேப்பிலை ஒடிச்சாந்து கட்டட்டுமா?"

கன்னியப்பன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கையில் ஸ்டிக்கர் ரோல்.

"கியூசி பண்ணியிருக்கேன்."

முப்பது வருஷம் ஷூ கம்பெனியில் அவர் பார்த்தது அந்தத் தரம் பார்க்கும் வேலைதான். செருப்போ ஷூவோ லைனில் முடிந்து அவர் மேஜைக்கு வரும். தோலில் கீறல், தையலில் தாண்டல், பசை வழிந்த இடம் எதுவாக இருந்தாலும் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார். எடுத்துச் செய்கிறவர்கள் அம்பு காட்டும் இடத்தைச் சரிபண்ணுவார்கள். ரிட்டயர் ஆகும்போது கம்பெனி பெரிய மனசு பண்ணி ஒரு சால்வை போட்டது. அவரும் பெரிய மனசு பண்ணி ஒரு பெட்டி ஸ்டிக்கரைக் கொண்டுவந்துவிட்டார்.

"வாயைத் தொறக்க மாட்டேன்னு சொன்னேன். தொறக்கல பாத்தியா? வர்றவங்களே பாத்துக்கட்டும். கொறையை மறைச்சு விக்கற பழக்கம் நமக்கு இல்ல."

"ஆமாமா. வண்டியை விக்கற பழக்கமும் நமக்கு இல்ல."

சுற்றி வந்து பார்த்தாள். வலது கதவில் மூன்று அம்பு. பம்பரில் வரிசையாக. கண்ணாடியின் ஓரத்தில் ஒன்று. வைப்பருக்குத் தனியாக ஒன்று. சீட்டில், டேஷ்போர்டில், கியர் குச்சியின் தலையில். நந்தினி எட்டாவது படிக்கும்போது காம்பஸால் கிறுக்கிய 'ந' எழுத்துக்குக்கூட ஒன்று. வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு டேமேஜும் தப்பவில்லை. முப்பது வருஷ அனுபவத்தையும் ஒட்டுமொத்தமாகப் பெண்டாட்டி தலையில் இறக்கியிருந்தார்.

"உரிங்க எல்லாத்தையும்!"

"உரிச்சா பெயிண்ட் வந்துடும். பழைய பெயிண்ட்டு."

"அப்ப அதுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க!"

அவள் நகத்தால் ஒன்றைக் கிள்ளிப் பார்த்தபோது வாசலில் குரல் கேட்டது.

"சலாம் அக்கா. கார் விக்கறது இந்த வீடுதானே?"

நாற்பது வயசிருக்கும். கறுப்பு புர்கா, தோளில் பெரிய கைப்பை. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்த வியர்வை நெற்றியில். அமிர்தவள்ளி தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினாள். ஓடும்போதே மனசுக்குள் ஜோதி வீட்டில் மெஷின் இறங்கும் சத்தம் கேட்டுவிட்டது.

செம்போடு திரும்பினபோது ஃபிர்தௌஸ் காரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அம்பிடமும் நின்றாள். குனிந்தாள். விரலால் தடவினாள். அடுத்ததற்குப் போனாள். கன்னியப்பன் கைகட்டி, உதட்டை இறுக்கி, வாயைத் திறக்காத சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றார். முகத்தில் மட்டும் அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு, ஓரமாக.

ஒரு சுற்று முடிந்தது. ஃபிர்தௌஸ் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டாள்:

"அண்ணே, எந்த கம்பெனில கியூசியா இருந்தீங்க?"

கன்னியப்பன் திடுக்கிட்டார். "எப்படித் தெரிஞ்சுதும்மா?"

"அம்பு மூக்கு டேமேஜைத் தொட்டும் தொடாம நிக்குது. தெரியாதவன் நேரா டேமேஜ் மேலயே ஒட்டி மறைச்சுடுவான். எங்க லைன்ல புதுசா வந்திருக்கற பசங்க அப்படித்தான் ஒட்டறாங்க. எவ்ளோ சொன்னாலும் ஏற மாட்டேங்குது."

சத்தியம் அதோடு போய்ச் சேர்ந்தது.

"அதாம்மா, அதேதான்! எங்க காலத்துல ஒரு ஸ்டிக்கர் தப்பா ஒட்டினா மேஸ்திரி கை மேலயே அடிப்பாரு. முப்பது வருஷம். என் மேஜையைத் தாண்டிப் போன சரக்கு ஒண்ணுகூட வெளிநாட்டுல இருந்து திரும்பி வந்ததில்ல. கேட்டுப் பாரு."

"கேக்கவே வேணாம். பாத்தாலே தெரியுதே. அப்ப ஸ்டிக்கர் ஒட்டாத எடமெல்லாம் பாஸுதானே அண்ணே?"

கன்னியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கினார். இப்படி ஒரு வழி இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அம்பு நாற்பது இருக்கலாம். அம்பு இல்லாத கார் அதைவிடப் பெரிசாயிற்றே. இன்ஜினில் ஒன்றும் இல்லை. பிரேக்கில் ஒன்றும் இல்லை. சக்கரத்தில் ஒன்றும் இல்லை. அங்கெல்லாம் அவர் உண்மையாகவே ஒரு குறையும் காணவில்லை. கிளம்ப அடம்பிடிப்பது அவர் கணக்கில் குணம், குறை அல்ல. காணாத குறைக்கு அம்பு ஒட்ட அந்தக் கைக்குத் தெரியாது.

"அது... இன்ஜின்லயும் கொஞ்சம்..." என்று ரோலைக் கிழித்தார்.

"அண்ணே! ஃபைனல் செக்கிங் முடிஞ்சப்புறம் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. எங்க லைன்ல யாராவது அப்படி ஒட்டுனா நாங்க சண்டைக்குப் போவோம். மொதல்லயே கண்ணு எங்க போச்சுன்னு கேப்போம்."

கிழித்த அம்பு கன்னியப்பனின் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவரையே காட்டிக்கொண்டு.

அமிர்தவள்ளி மிக்சர் தட்டை நீட்டினாள். "சாப்புடும்மா. நல்லா சாப்புடு. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ."

ஃபிர்தௌஸ் ஒரு பிடி அள்ளிக்கொண்டாள். பிறகு லைனில் நின்று பேசுகிற குரலில், ஒரே கேள்வி கேட்டாள்.

"சரிண்ணே, நேரா கேக்கறேன். நான் இன்ஜின் பாக்கத் தெரிஞ்சவ இல்ல. உங்க கண்ணை நம்பறேன். இந்த வண்டி ரீவொர்க்கா, ரிஜெக்டா? ரீவொர்க்னா எடுத்துக்கறேன். ரிஜெக்ட்னா சொல்லிடுங்க, அடுத்த பஸ்ஸுல போய்ட்றேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்."

இந்த ஊர்ப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் இந்த இரண்டு வார்த்தையின் வித்தியாசம் தெரியும். ரீவொர்க் என்றால் கைபார்த்துச் சரிபண்ணி அனுப்பலாம். ரிஜெக்ட் என்றால் அதற்கு விமோசனம் இல்லை. எவனும் எடுத்துப்போய் விற்றுவிடக் கூடாது என்று கத்தியால் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிக் குப்பையில் எறிவார்கள்.

அமிர்தவள்ளி, வேலை முடிந்தது என்று நினைத்தாள். ஒரு வார்த்தை. இத்தனை மாதமாக அவர் காபி கொடுத்து, கதை சொல்லி, அம்பு ஒட்டிச் செய்த வேலையை அந்த ஒரே வார்த்தை செய்துவிடும். வந்தவளே அதை எடுத்து அவர் வாயருகில் வைத்திருக்கிறாள். சொன்னால் போதும். கார் ஷெட்டில். மெஷின் ஜோதி வீட்டில்.

"அது வந்தும்மா..." என்றார் கன்னியப்பன். "ரி..."

காரைப் பார்த்தார். உடம்பெல்லாம் சிவப்பு அம்போடு அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு ஹெட்லைட்டில் ஒன்று மங்கல். அதற்கும் ஓர் அம்பு.

"ரி..."

"ரிஜெக்டா அண்ணே?" என்றாள் ஃபிர்தௌஸ், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.

"யாரும்மா சொன்னது ரிஜெக்ட்னு!" கன்னியப்பனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "என் ஃபர்ஸ்ட் கார்மா இது! இதைப் பாத்து ரிஜெக்ட்னு சொல்ல எவனுக்கு வாய் வரும்? பம்பர்ல நாலு கீறல், சீட்டுல ரெண்டு கிழிசல், இதுக்குப் போய் ரிஜெக்டா? ரீவொர்க்! சுத்தமான ரீவொர்க்! ஒரு மெக்கானிக்கு, ஒரே நாளு. இன்ஜினை நீ தொடவே தேவையில்ல. வேணும்னா எழுதித் தரேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதுக்கு எட்டியது.

"அப்ப சரிண்ணே. எடுத்துக்கறேன்" என்றாள் ஃபிர்தௌஸ்.

விலையை அமிர்தவள்ளி அடுக்களையில் வைத்துப் பேசினாள். அவர் இருந்தால் ஒன்று சும்மா கொடுத்துவிடுவார், இல்லை விமானத்துக்குச் சொல்கிற விலை சொல்லுவார். பேசி முடித்து, அவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டு வெளியே வந்தபோது கன்னியப்பன் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உனக்கு இது எத்தனாவது வண்டிம்மா?"

"மொத வண்டிண்ணே. லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷம் ஆவுது. என் தம்பி யாசிரோட வண்டியை ஓட்டிப் பழகுனேன். பொண்ணுங்க ரெண்டு பேரையும் இட்டுக்கினு பஸ்ஸுல நின்னுக்கினே அம்மா வீட்டுக்குப் போறது ஒரே பேஜாரு."

"மொத வண்டியா..." என்று கன்னியப்பன் ஆரம்பித்தார். அமிர்தவள்ளி இருமினாள். அவர் நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "கிளப்பறது கொஞ்சம் கஷ்டம். மூணு தரம் சாவி திருப்பணும். மூணாவது தரம் லேசா ஆக்சிலேட்டர் குடுத்து, அய்யா சாமின்னு சொல்லணும். நீ உங்க சாமியைச் சொல்லிக்கோ. எடுத்தவுடனே கிளம்பாது. பழகணும்."

ஃபிர்தௌஸ் உட்கார்ந்து "பிஸ்மில்லா" என்று சாவியைத் திருப்பினாள்.

ஒரே திருப்பு. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது.

கன்னியப்பனுடைய முகத்தை அப்போது பார்க்க வேண்டும். பொண்ணைக் கட்டிக் கொடுத்த அன்றும் அப்படி ஆகவில்லை. கம்பெனியில் சால்வை போட்டு அனுப்பின அன்றும் ஆகவில்லை.

"வள்ளி. பாத்தியா வள்ளி. எனக்கு ஒரு நாளும் இப்படிக் கிளம்புனதில்ல."

"இப்பத்தான் அதுக்கு மனசு சரியாச்சு போல" என்றாள் அவள்.

ஃபிர்தௌஸ் தலையை வெளியே நீட்டினாள். "அண்ணே, வேணும்னா மெயின்ரோடு வரைக்கும் நீங்க ஓட்டுங்களேன். கடைசியா ஒருவாட்டி."

"வேணாம்மா. நான் ஓட்டுனா அது திரும்பி இங்கயே வந்துடும். நீ போ."

கார் ஷெட்டை விட்டு இறங்கியது. சிவப்பு அம்புகளோடு, விசாரணைக்குப் போகிற மாதிரி, தெருவில் மெதுவாகப் போனது. கன்னியப்பன் பின்னாலேயே நடந்தார். திருப்பத்தில் "செகண்ட் கியரு! செகண்ட் கியரு!" என்று அவர் கத்துவது கேட்டது. அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லடி. எடம் காலியாச்சு" என்று சொல்லிவிட்டு அமிர்தவள்ளி துடைப்பத்தை எடுத்தாள்.

ஷெட்டுக்குள் வந்து நின்றதும் அவளுக்கே ஆச்சரியம். இவ்வளவு அகலமா! இத்தனை வருஷமும் துணி துவைக்கப் போகும்போதெல்லாம் சுவருக்கும் காருக்கும் நடுவே நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து பழகியிருந்தாள். இப்போது நேராக நடந்து பார்த்தாள். கையை இரண்டு பக்கமும் விரித்து நடந்து பார்த்தாள். எதுவும் இடிக்கவில்லை. மூலையிலிருந்து சுஹேல் அகமதுக்குப் போன் போட்டாள்.

"பாய், எங்க வீட்டுக்காரரு எறங்கிட்டாரு. நாளைக்கு வண்டி அனுப்புங்க. ரெண்டு மெஷினையும் எறக்க."

கன்னியப்பன் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. மெயின்ரோட்டில் நின்று கார் கண்ணுக்கு மறையும் வரை பார்த்து, மறைந்த பிறகும் அதே திசையில் போன வேறு வண்டிகளையும் கொஞ்ச நேரம் பார்த்திருப்பார். ஷெட் வாசலில் நின்றார். தரையில் கார் நின்ற இடத்தில் கறுப்பாக ஆயில் கறை.

"அந்தக் கறையை மட்டும் தேய்ச்சுடாத வள்ளி. இருக்கட்டும்."

"இருக்கட்டுமே. அது மேலதான் மெஷினை வெக்கப் போறேன்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவள் பெருக்கினாள்.

"உனக்கு ஒண்ணுமே தோணலியா வள்ளி? இவ்ளோ நாளு நம்மளோட இருந்துது. போய்டுச்சு. எடத்தைப் பாத்தா உனக்கு ஒண்ணுமே தோணலியா?"

அமிர்தவள்ளி துடைப்பத்தை ஊன்றி நிமிர்ந்தாள். காலியாகக் கிடந்த ஷெட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"தோணுதுங்க. தோணாம இருக்குமா?"

கன்னியப்பன் ஆசையோடு ஓரடி முன்னால் வந்தார்.

"இன்னா தோணுது?"

"பாய்கிட்ட ரெண்டு மெஷின்னு சொல்லிட்டேன். மூணு கேட்டிருக்கலாம்னு தோணுது."